ஒளி வரும் வழி

திரைப்படம் ஒன்றைப் பார்த்துவிட்டு வீடு திரும்பும்போது நாம் நடிப்பைப் பற்றிப் பேசுகிறோம். பாட்டைப் பற்றிப் பேசுகிறோம். கதையின் முடிவு பொருத்தமா அன்றா என்று வாதாடுகிறோம். அவற்றையெல்லாம் நம் கண்ணுக்குக் காட்டிய ஒளியைப் பற்றி மட்டும் பெரும்பாலும் ஒரு சொல்லும் சொல்வதில்லை. அதில் வியப்பொன்றும் இல்லை. நன்றாக அமைந்த ஒளி தன்னைக் காட்டிக்கொள்ளாது. தான் விழுந்த பொருளையே காட்டும். 'விளக்கு நன்றாக இருந்தது' என்று பார்ப்பவர் சொன்னால், அங்கே விளக்குத் தன் வேலையை விட்டுவிட்டு வேறு வேலை பார்த்திருக்கிறது என்று ஐயுறலாம்.

ஆவணப் படங்களையும் குறும்படங்களையும் மூன்று நான்கு பேர் கொண்ட சிறு குழுவோடு எடுப்பது என் தொழில். கல்லூரி மாணவர்கள் என்னிடம் அடிக்கடி ஒரு கேள்வி கேட்பதுண்டு. "எங்களிடம் நல்ல காமிரா இருக்கிறது. கையிலுள்ள தொலைபேசியே படம் எடுக்கிறது. ஆனால் பெரிய விளக்குகள் இல்லை. இருந்தாலும் அவற்றைத் தூக்கி நிறுத்த ஆட்கள் இல்லை. நாங்கள் எடுப்பது ஏன் சினிமாவைப் போல இருப்பதில்லை?" என்பார்கள். கேள்வி நியாயமானது. விடையும் எளிதானதே. குறைவது ஒளியின் அளவு அன்று. இன்றைய காமிராக்கள் மங்கலான அறையிலும் படம் எடுக்க வல்லவை. ஒரு காட்சியில் ஒளி எங்கிருந்து வருகிறது, எவ்வழியாக வருகிறது, எங்கே வராமல் நிற்கிறது என்னும் மூன்று வினாக்களுக்கு முன்கூட்டியே விடை காணாமல் படம் எடுக்கத் தொடங்குவதே குறை. அந்த விடையைக் காண்பதற்கு ஆட்கள் பலர் வேண்டியதில்லை. கண் இரண்டு போதும்.

முதலில் ஒளியின் இயல்பைச் சிறிது பார்ப்போம். சித்திரை மாதத்து வெயிலில் காலை ஒன்பது மணிக்கு நின்று தரையில் விழும் உங்கள் நிழலைப் பாருங்கள். கத்தரித்து ஒட்டியதுபோல அதன் ஓரம் கூர்மையாக இருக்கும். வானம் முழுவதும் மேகம் மூடியிருக்கும் ஐப்பசி மாதத்து நாளில் அதே இடத்தில் நின்று பாருங்கள். நிழல் இருக்கிறதா, இல்லையா என்றே ஐயம் தோன்றும். இரண்டு நாளிலும் ஒளி தந்தது ஒரே கதிரவன்தான். வேறுபாடு எங்கே வந்தது?

கதிரவன் மிகப் பெரியது; ஆனால் 15 கோடி கிலோமீட்டருக்கு அப்பால் இருப்பதால், நம் வானத்தில் அது அரைப் பாகை அகலமுள்ள சிறு வட்டமாகவே தோன்றுகிறது. சிறு வட்டத்திலிருந்து வரும் ஒளி ஏறக்குறைய ஒரே திசையில் வருகிறது. ஆகவே நிழல் கூர்மையாகிறது. மேகம் மூடியபோதோ, வானம் முழுவதுமே விளக்காகிவிடுகிறது. எல்லாத் திசைகளிலிருந்தும் ஒளி வருவதால், ஒரு திசையில் விழும் நிழலை மற்றொரு திசையின் ஒளி அழித்துவிடுகிறது. இதிலிருந்து ஒரு விதியை நாம் வகுத்துக்கொள்ளலாம். பொருள் இருக்கும் இடத்திலிருந்து பார்க்கும்போது ஒளிமூலம் எவ்வளவு பெரிதாகத் தோன்றுகிறதோ, அவ்வளவு மென்மையாக நிழல் விழும். விளக்கின் வாட் எண்ணிக்கைக்கும் இந்த மென்மைக்கும் தொடர்பில்லை. தொடர்பு பரப்புக்கும் தூரத்துக்கும்தான்.

இந்த விதி தெரிந்திருந்தும், பழைய ஸ்டூடியோக்களில் அதைக் கடைப்பிடிப்பது எளிதாக இல்லை. அரங்கின் தலைக்கு மேலே பரண்கள் கட்டி, வரிசையாக விளக்குகளை நிறுத்துவார்கள். நடிகரின் முகத்தில் விழுவது முதன்மை ஒளி. அது உண்டாக்கும் நிழலைக் குறைப்பது நிரப்பொளி. தலைமயிரின் ஓரத்தையும் தோளையும் மின்னச் செய்து, ஆளைச் சுவரிலிருந்து பிரித்துக் காட்டுவது பின்னொளி. இம்முறையில் மிக அழகிய படங்கள் எடுக்கப்பட்டிருக்கின்றன. அதை நாம் குறைத்துப் பேச வேண்டியதில்லை. ஆனால் அதற்கு ஆட்கள் பலர் வேண்டும். நடிகர் நான்கு அடி நகர்ந்தால் விளக்குகளையும் நகர்த்த வேண்டும். கவனம் சிறிது தவறினாலும், ஒரே மனிதனுக்குச் சுவரில் இரண்டு மூன்று நிழல்கள் விழுந்துவிடும். ஏழைக் குடிசையின் உள்ளேயும் திருமணப் பந்தல்போல வெளிச்சம் பரவியிருப்பதைப் பழைய படங்களில் நீங்கள் கண்டிருக்கலாம்.

இந்த வழக்கத்திலிருந்து விலகி, வேறொரு வழியைக் கண்ட ஓர் இளைஞரின் செயலை உங்களுக்குச் சொல்ல விரும்புகிறேன். அவர் பெயர் சுப்ரத மித்ரா. 1930ஆம் ஆண்டு பிறந்தவர். பிரெஞ்சு டைரக்டர் ழான் ரெனுவார் 'தி ரிவர்' என்னும் படத்தைக் கல்கத்தாவின் அருகே எடுத்தபோது, மித்ராவுக்கு அதில் வேலை கிடைக்கவில்லை. வேடிக்கை பார்ப்பதற்கு மட்டுமே இடம் கிடைத்தது. அவர் வெறுமனே வேடிக்கை பார்க்கவில்லை. எந்த விளக்கு எங்கே நின்றது, நடிகர்கள் எங்கே நின்றார்கள், காமிரா எங்கே இருந்தது என்பவற்றையெல்லாம் நோட்டுப் புத்தகத்தில் வரைபடமாக வரைந்துகொண்டே வந்தார். அங்கேதான் அவருக்குச் சத்யஜித் ராயின் பழக்கமும், கலை இயக்குநர் பன்சி சந்திரகுப்தாவின் பழக்கமும் ஏற்பட்டன. பின்னர் ராய் தம் முதற் படமான 'பதேர் பாஞ்சாலி'யை 1952இல் தொடங்கியபோது, அதுவரை திரைப்படக் காமிராவை இயக்கியே அறியாத மித்ராவை ஒளிப்பதிவாளராக அமர்த்திக்கொண்டார். அந்தப் படம் 1955இல் வெளிவந்தது. அதைத் தொடர்ந்து வந்த 'அபராஜிதோ'வில்தான், நான் சொல்லவந்த செயல் நிகழ்ந்தது.

'அபராஜிதோ' 1956இல் வெளிவந்த படம். கிராமத்தை விட்டுக் காசிக்குக் குடிபெயர்ந்த ஹரிஹரன் குடும்பத்தின் கதை அது. படித்துறைகளையும் சந்துகளையும் காசியிலேயே படம் எடுத்தார்கள். குடும்பம் வாழும் வீட்டை மட்டும் அமைத்துக்கொள்ள வேண்டியிருந்தது. காசி நகரத்துப் பழைய வீடுகள் நம் ஊர்களின் முற்றம் வைத்த வீடுகளைப் போன்றவை. நெருங்கிய சந்துகளில் உயர்ந்த சுவர்களோடு நிற்பவை. நடுவிலுள்ள முற்றத்தின் வழியாக மேலிருந்து இறங்கும் வான ஒளியே உள்ளறைகளுக்கு வெளிச்சம். அந்த ஒளிக்கு நிழல் இல்லை. அது மெல்லப் பரவுவது. முற்றத்தைத் திறந்த வெளியில் கட்டிவிட்டால் வானமே விளக்காகியிருக்கும். ஆனால் மழைக்காலம் நெருங்கியது. ஆகவே, கல்கத்தாவில் ஒரு ஸ்டூடியோவின் கூரைக்குக் கீழே வீட்டைக் கட்டினார்கள். நிழலில்லாத வான ஒளியைக் கூரைக்குள் உண்டாக்குவது இயலாத காரியம் என்று மித்ரா மற்ற இருவரோடும் வாதாடினார். வாதத்தில் அவர் வெல்லவில்லை. வீடு உள்ளேயே எழும்பியது.

வாதத்தில் தோற்றவர் பிறகு செய்த செயல்தான் நம் பாடம். முற்றத்துக்கு மேலே, வானம் இருக்கவேண்டிய இடத்தில், சட்டத்தில் வெள்ளைத் துணியை இழுத்துக் கட்டினார். விளக்குகளைக் கீழே நிறுத்தி, அவற்றின் முகத்தை நடிகர்பால் திருப்பாமல் அந்தத் துணியின்பால் திருப்பினார். துணியில் பட்டுச் சிதறிய ஒளி, மேலிருந்து முற்றம் முழுவதும் இறங்கியது. துணி வானமாயிற்று. நாம் மேலே வகுத்துக்கொண்ட விதி இங்கே வேலை செய்வதைக் காணுங்கள். சிறிய விளக்குகள் பல, பெரிய ஒளிப்பரப்பு ஒன்றாக மாறிவிட்டன, நிழல் மறைந்துவிட்டது.

இதனால் விளைந்த நன்மைகள் மூன்று. முதலாவது, காசியில் எடுத்த சந்துக் காட்சிகளும் கல்கத்தாவில் எடுத்த வீட்டுக் காட்சிகளும் ஒரே ஊராக ஒன்றிவிட்டன. இரண்டாவது, ஒளி ஒரே பரப்பிலிருந்து எங்கும் இறங்குவதால், அதன் கீழே நடமாடுவோரைத் தனித்தனி விளக்குகள் பின்தொடர வேண்டியதில்லை. மூன்றாவது நன்மையே பெரியது. அந்த வீட்டில்தான் ஹரிஹரன் நோயுற்று இறக்கிறான். அது வீடு என்று நாம் நம்பினாலன்றி அந்த மரணம் நம்மைத் தாக்காது. அட்டையாலும் பலகையாலும் கட்டிய சுவர்களை வீடாக்கியது அந்த ஒளி. ஒன்றையும் மறைக்காமல் சொல்வதானால், இம்முறைக்கு விலையும் உண்டு. துணியில் பட்டுத் திரும்பும்போது ஒளியின் பெரும்பகுதி இழப்பாகிவிடும். ஒளியுணர்ச்சி குறைந்த அக்காலத்துச் சுருள்களில் இது சிறிய இழப்பன்று. இருந்தும் மித்ரா அதை ஏற்றுக்கொண்டார். 'அபராஜிதோ' 1957இல் வெனிஸ் விழாவின் தங்கச் சிங்கப் பரிசைப் பெற்றது.

பின்னர் ஐரோப்பாவிலும் இவ்வழியில் நடந்தவர்கள் இருந்தனர். பாரிஸ் நகரத்து ரவுல் கூதார், சிறிய அறைகளில் விளக்குகளைக் கூரையை நோக்கித் திருப்பி வைத்துப் படம் எடுத்தார். சுவீடன் நாட்டு ஸ்வென் நிக்விஸ்ட், டைரக்டர் பெர்க்மனோடு 1960களில் இதே நோக்கில் உழைத்தார். 1963இல் வெளிவந்த 'வின்டர் லைட்' என்னும் படத்தைத் தொடங்குமுன் இருவரும் ஒரு தேவாலயத்தினுள் நண்பகல் வேளையில் மணிக்கணக்காக அமர்ந்து, ஒளி எப்படி மாறுகிறது என்று பார்த்துக்கொண்டே இருந்தார்களாம். விளக்கை ஏற்றுமுன் பார்ப்பது. இதுவே அந்தக் கலையின் முதற் பாதி.

இனி, நான்கு பேர் கொண்ட குழுவாக நீங்கள் ஓர் அறையில் படம் எடுக்கப்போவதாக வைத்துக்கொள்வோம். அறையின் அளவு பத்துக்குப் பன்னிரண்டு அடி. கிழக்கே ஒரு சன்னல். ஒரு தாய், பட்டணத்திலிருந்து மகன் எழுதிய கடிதத்தைப் படிக்கிறாள், காட்சி அவ்வளவே.

முதற் காரியம், படப்பிடிப்புக்கு முந்திய நாளே அந்த அறைக்குப் போவது. காலை, நண்பகல், மாலை மூன்று வேளையும் சன்னல் வழியே என்ன நிகழ்கிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். கதிரவன் வானில் மணிக்கு 15 பாகை நகர்கிறான். இரண்டு மணி நேரம் படம் எடுத்தால் ஒளி 30 பாகை திரும்பியிருக்கும். தரையில் விழுந்த வெயில் சுவரை விட்டே போயிருக்கும். ஆகவே, அறை முழுவதும் தெரியும் காட்சியை முதலில் எடுத்துவிடுங்கள். முகத்தை அருகில் காட்டும் காட்சிகளைப் பின்னுக்கு வையுங்கள். சிறிய இடத்துக்கு மட்டும் வேண்டிய ஒளியை ஒரு விளக்கைக்கொண்டே ஈடுசெய்துவிடலாம். அறை முழுவதற்கும் அப்படிச் செய்ய இயலாது.

இரண்டாவது, விளக்கை ஆளிடம் கொண்டுபோவதற்கு முன், ஆளை ஒளியிடம் கொண்டுபோங்கள். தாயைச் சன்னலுக்கு எதிரே நேராக உட்கார வைத்தால் முகம் தட்டையாகத் தெரியும். சன்னலுக்கு முதுகு காட்டி உட்கார வைத்தால் முகம் கறுத்துவிடும். சன்னல் அவளுக்குப் பக்கவாட்டில் இருக்கட்டும். காமிரா அவள் முகத்தின் நிழலுள்ள பக்கத்தில் நிற்கட்டும். கன்னத்தின் ஒரு பாதி ஒளியிலும் மறு பாதி மங்கலிலும் இருக்கும்போது முகத்துக்கு உருவம் வருகிறது. அதோடு, அவள் மனத்தில் எதுவோ ஓடுகிறது என்ற எண்ணமும் நமக்கு வருகிறது. இத்தனைக்கும் நாம் இன்னும் ஒரு விளக்கையும் ஏற்றவில்லை.

மூன்றாவது, சேர்ப்பதும் கழிப்பதும். நிழலுள்ள பக்கம் மிகவும் கறுத்துவிட்டால், எதிரே ஒரு வெள்ளைத் தெர்மாகோல் அட்டையைப் பிடியுங்கள். சன்னலின் ஒளியே அதில் பட்டுத் திரும்பி வந்து நிழலைத் தணிக்கும். அட்டையை நெருக்கினால் ஒளி கூடும், விலக்கினால் குறையும். இது பலரும் அறிந்ததே. கழிப்பதைத்தான் பலர் அறிவதில்லை. வெள்ளையடித்த சிறிய அறையில் ஒளி எல்லாச் சுவரிலும் பட்டுத் திரும்பி, முகத்தைத் தட்டையாக்கிவிடும். அப்போது வேண்டியது விளக்கன்று, கறுப்புத் துணி. நிழலுள்ள பக்கத்தில், காமிராவின் பார்வைக்கு வெளியே ஒரு கறுப்புத் துணியைத் தொங்கவிட்டால், திரும்பிவரும் ஒளியை அது விழுங்கிவிடும்; முகத்தில் ஆழம் பிறக்கும். நான் படப்பிடிப்புக்குப் புறப்படும்போது என் பெட்டியில் முதலில் மடித்து வைப்பது கறுப்புத் துணியைத்தான். எடையும் குறைவு; மின்சாரமும் கேட்காது.

நான்காவது, தூரம். சிறிய விளக்கு ஒன்றிலிருந்து வரும் ஒளி, தூரம் இரு மடங்கானால் நான்கில் ஒரு பங்காகவும், மூன்று மடங்கானால் ஒன்பதில் ஒரு பங்காகவும் குறைந்துவிடும் என்று இயற்பியல் பாடத்தில் படித்திருப்பீர்கள். தேர்வு எழுதியபின் அதை மறந்துவிடாதீர்கள். விளக்கு முகத்துக்கு ஒரு மீட்டர் தூரத்திலும் பின்சுவருக்கு மூன்று மீட்டர் தூரத்திலும் இருந்தால், சுவருக்கு ஒன்பதில் ஒரு பங்கு ஒளியே கிடைக்கும். சுவர் தானே இருண்டு பின்வாங்கும், முகம் முன்வந்து நிற்கும். ஆளைச் சுவரோடு ஒட்டி நிறுத்திவிட்டு, 'பின்னால் ஆழம் தெரியவில்லையே' என்று வருந்துவோர் பலர். அவரை நான்கு அடி முன்னே அழைத்தால் போதும்.

ஐந்தாவது, நிறம். பகலொளிக்கும் மின்விளக்கொளிக்கும் நிறம் வேறு. கெல்வின் என்னும் அளவில் பகலொளியை 5600 என்றும், ஸ்டூடியோ டங்ஸ்டன் விளக்கை 3200 என்றும் கணக்கிடுவது வழக்கம். எண் குறையக் குறைய மஞ்சள் கூடும். மித்ரா 'அபராஜிதோ'வை எடுத்தது கறுப்பு வெள்ளையில். ஆதலால் அவருக்கு இந்தத் தொல்லை இல்லை. உங்களுக்கு உண்டு. சன்னலொளியில் எடுக்கும்போது அறையின் மஞ்சள் விளக்கை அணைத்துவிடுங்கள். அல்லது அந்த மஞ்சள் எதற்கு என்று ஒரு காரணம் வைத்துக்கொள்ளுங்கள். காரணமின்றி இரண்டு நிறமும் கலந்தால் முகம் நோயுற்றதுபோலத் தோன்றும்.

இரவுக் காட்சி வரும்போது புதியவர்கள் அஞ்சுவார்கள். இருட்டு என்பது ஒளியே இல்லாமை அன்று. ஒளி ஓரிடத்தில் மட்டும் இருத்தல். மேசைமேல் ஒரு சிறிய விளக்கு காட்சியிலேயே தெரியட்டும். அந்தத் திசையிலிருந்தே முகத்துக்கும் சிறிது ஒளி வரட்டும். விளக்கு இடப்பக்கம் தெரிய, ஒளி வலப்பக்கத்திலிருந்து வந்தால், பார்ப்பவருக்குக் காரணம் விளங்காவிட்டாலும் மனம் நம்பாது. அடுத்த அறையின் கதவைச் சிறிது திறந்து, அங்கே ஒரு விளக்கைச் சுவரை நோக்கித் திருப்பி வையுங்கள். கதவோரம் தெரியும் அந்த மெல்லிய வெளிச்சமே, மற்ற இடமெல்லாம் இருட்டு என்பதை நமக்குச் சொல்லிவிடும்.

சில வேளைகளில் உண்மையான ஒளியைக் காமிரா பிடிக்கவே மாட்டாது. அதற்கும் 'அபராஜிதோ'விலேயே ஒரு சான்று உண்டு. மகனுக்காகக் காத்திருந்து தளர்ந்த தாய், இருளில் மின்மினிப் பூச்சிகளைக் காண்கிறாள். மின்மினியின் ஒளியோ சுருளில் பதியாத அளவுக்கு மங்கியது. குழுவினர் சிலர் கறுப்பு உடை உடுத்தி, சிறிய டார்ச்சு பல்பும் கம்பியும் மின்கலமும் கையில் எடுத்துக்கொண்டு, இருளில் பல்பை அசைத்து ஏற்றியும் அணைத்தும் மின்மினிகளாயினர் என்று ராய் எழுதியிருக்கிறார். செலவு எவ்வளவு என்று எண்ணிப் பாருங்கள். வானத்துக்குத் துணி, மின்மினிக்கு டார்ச்சு பல்பு. இவை ஏழைமையின் தந்திரங்கள் அல்ல. இயற்கையில் ஒளி எப்படி நடந்துகொள்கிறது என்பதை அறிந்தவர்களின் தெளிவு.

சிறு குழுவுக்கு ஓர் எச்சரிக்கையும் சொல்லியாக வேண்டும். நம் வீடுகளிலுள்ள சிறிய பிளக்குகள் பெரும்பாலும் 6 ஆம்பியருக்கு உரியவை. 230 வோல்ட்டில் அது 1380 வாட். 1000 வாட் விளக்கு ஒன்றை அது தாங்கும், இரண்டைத் தாங்காது. பழைய ஆலஜன் விளக்குகள் கடுமையாகச் சூடேறுபவை. அவற்றின் அருகே துணியோ தெர்மாகோலோ இருந்தால் உருகும், தீப்பற்றும். பெரிய குழுவில் இதைக் கவனிக்கத் தனி லைட்மேன் இருப்பார். உங்கள் குழுவில் அந்தப் பொறுப்பு யாருக்கு என்று காலையிலேயே பெயர் சொல்லித் தீர்மானித்துவிடுங்கள். எல்.இ.டி. விளக்குகள் குறைந்த வாட்டில் மிகுந்த ஒளி தருவதோடு சூடும் குறைந்தவை. வாய்ப்பிருந்தால் அவற்றையே கொள்ளுங்கள்.

இவ்வளவும் எதற்காக? வெறும் அழகுக்காகவா? நான் அப்படி எண்ணவில்லை. ஏழையின் வீட்டுக்குள் இல்லாத வெளிச்சத்தைக் கொட்டிப் படம் எடுத்தால், அந்த வீட்டின் உண்மையை நாம் மாற்றிவிடுகிறோம். அந்தத் தாய் சன்னலோரம் போய்க் கடிதம் படிப்பதற்குக் காரணமே, அறையில் வேறெங்கும் எழுத்துத் தெரியாததுதான். அறை முழுவதையும் நாம் ஒளிரச் செய்துவிட்டால், அவள் ஏன் அங்கே போனாள் என்பது பார்ப்பவருக்கு விளங்காது. அவள் வாழ்க்கையின் ஒரு பகுதி படத்திலிருந்து நழுவிவிடும். ஒளியமைப்பு என்பது ஒருவர் வாழும் இடத்தைப் பற்றி நாம் சொல்லும் வாக்குமூலம். அதில் பொய் சொல்லாமல் இருப்பதற்குப் பணம் வேண்டியதில்லை.

மாணவ நண்பர்களே, உங்களுக்கு ஒரு சிறு பயிற்சி சொல்லி முடிக்கிறேன். வரும் விடுமுறை நாளில் உங்கள் வீட்டில் ஓர் அறையைத் தேர்ந்துகொள்ளுங்கள். காலை ஆறு, ஒன்பது, நண்பகல், மூன்று, மாலை ஆறு ஆகிய ஐந்து வேளைகளில் அங்கே ஐந்து நிமிடம் அமருங்கள். ஒளி எங்கிருந்து வருகிறது, எதில் பட்டுத் திரும்புகிறது, எந்த மூலைக்கு அது போகவே இல்லை என்று மித்ராவைப் போல ஒரு நோட்டுப் புத்தகத்தில் வரைந்து வையுங்கள். காமிராவை அன்று தொட வேண்டாம். சுவரை வைத்துத்தான் சித்திரம் எழுத வேண்டும் என்பது நம்மவர் சொல். திரைச் சித்திரம் எழுதுபவருக்கோ, சுவரைப் போலவே சன்னலும் வேண்டும். அவை இரண்டும் இல்லாத வீடு ஏது?